சேமிப்பும் பதுக்கலும்: பழைய சைக்கிள் உதிரிப்பாகங்களை முன்வைத்து

பொருள்களைச் சேர்த்து வைப்பது எப்போது நற்பண்பாகிறது, எப்போது குற்றமாகிறது என்பது பழைய கேள்வி. நெல்லையும் மருந்தையும் பணத்தையும் வைத்து அதனைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். நான் இங்கு எடுத்துக்கொள்வது அவற்றோடு ஒப்பிட மிகச் சிறியதொரு விடயம். பழைய ஆங்கிலேய சைக்கிள்களை வைத்திருப்போர், அவற்றுக்கான உதிரிப்பாகங்களைக் கண்ட இடத்திலெல்லாம் வாங்கிப் பெட்டி பெட்டியாய் அடுக்கி வைக்கும் பழக்கமே அது.

சிறிய விடயம் என்பதால்தான் எடுத்தேன். நெல்லைப் பதுக்குபவன் இலாபத்துக்காகப் பதுக்குகிறான் என்று ஒரு வசனத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். சைக்கிள் சாமான் சேர்ப்பவனிடம் அந்த வசனம் செல்லாது. அவன் விற்பதில்லை, விலை ஏறக் காத்திருப்பதுமில்லை. அந்தப் பொருளின் மீது அவனுக்கிருப்பது அன்பு. அன்பினால் சேர்த்து வைப்பதும் பதுக்கலாகுமா என்பதே என் கேள்வி.

நானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். என்னிடம் ஒரு றலியும் ஒரு ஹம்பரும் உள்ளன. றலியில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறேன். ஹம்பர் வாப்பாவுடையது. இரண்டுக்குமான சில்லறைச் சாமான்கள் ஒரு மரப்பெட்டியிலும் நான்கு பால்மா டின்களிலும் இருக்கின்றன. ஆகவே வெளியே நின்று யாரையும் சுட்டிக்காட்ட நான் இதனை எழுதவில்லை.

முதலில் இந்தப் பழக்கத்தின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். றலி கம்பனி 1932இல் ஹம்பர் சைக்கிளையும், 1943இல் றட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் தன்வசமாக்கிக்கொண்டது. நம் நாட்டின் வயல் வரம்புகளிலும் கடற்கரைப் பாதைகளிலும் ஓடிய பெயர்கள்தான் இவை எல்லாம். அந்தக் கம்பனி இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் சட்டகம் செய்வதை 1999இலும், அங்கு சைக்கிள் பூட்டுவதை 2002இலும் நிறுத்திவிட்டது. மூன்று வேகம் கொண்ட ஸ்டேர்மி ஆர்ச்சர் ஹப்பைச் செய்துவந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டில் கைமாறித் தாய்வானுக்குப் போனது. அந்த ஹப்பின் ஏ.டபிள்யூ. வகை 1930களின் நடுப்பகுதியில் வந்தது. பல தசாப்தங்களாக அதன் உள்ளமைப்பு பெரிதும் மாறவில்லை. 1950களில் செய்யப்பட்ட ஹப்புக்கு 1970களில் செய்யப்பட்டதன் உள்சாமான்கள் பெரும்பாலும் பொருந்தும். பாட்டனின் சைக்கிளைப் பேரன் திருத்திக்கொள்ளலாம் என்ற ஒரு வாக்குறுதி அதில் இருந்தது. வாக்குறுதி தந்தவன் கடையைப் பூட்டிவிட்டுப் போனபின், அதைக் காப்பாற்றும் பொறுப்பு வைத்திருப்பவன் தலையில் விழுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெடல் அச்சு சுழலும் இடத்தில் இருபுறமும் ‘கப்’ என்று நம் திருத்துநர்கள் சொல்லும் இரும்புக் கிண்ணங்கள் திருகப்பட்டிருக்கும். பொதுவான ஆங்கிலேய அளவில் அவற்றுக்கு அங்குலத்துக்கு 24 புரிகள். றலியோ தனக்கென்று 26 புரிகளை வைத்துக்கொண்டது. விட்டம் ஒன்றே என்பதால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். 24 புரிக் கப்பை றலியில் பலவந்தமாகத் திருகினால் சில சுற்றுகளோடு இறுகும். மேலும் முறுக்கினால் சட்டகத்தின் புரி அழிந்து, சைக்கிளே பழைய இரும்பாகிவிடும். இப்படியிருக்க, ஒரு கப் கண்ணில் படும்போது அதை வாங்கி வைப்பவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல முடியாது.

நம் நாட்டின் வரலாறும் சேர்த்து வைக்கவே கற்றுத்தந்திருக்கிறது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு டயருக்கும் டியூபுக்கும் அலைந்ததை வாப்பா தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். யுத்த காலத்தில், தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாண மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சக்கரத்தைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஒரு சிறிய டைனமோ உலகச் செய்திக்கான வாசலாய் இருந்தது. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, வீட்டு முகடுகளில் தொங்கிய சைக்கிள்கள் மீண்டும் தரைக்கு வந்தன. ‘இன்று கிடைப்பது நாளை கிடைக்காது’ என்பது நமக்குப் பழமொழி அல்ல, அனுபவம். அந்த அனுபவமுள்ளவன் சேர்த்து வைப்பதைப் பார்த்துச் சிரிப்பவன், அந்த அனுபவம் இல்லாதவனாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னர்தான் கேள்வி ஆரம்பமாகிறது.

2022இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் றலியில் பெட்டி கட்டி மீன் விற்கும் ஒருவரின் சைக்கிளில் கப் உடைந்துபோயிற்று. மோட்டார் சைக்கிள்கள் நின்றுவிட்டிருந்த அந்த நாட்களில் அந்தச் சைக்கிள்தான் அவருடைய கடையும் வாகனமும். திருத்துநர் 24 புரிக் கப்பைப் போட மறுத்துவிட்டார். அது நேர்மையான மறுப்பு. அயலூரில் ஆசிரியராயிருக்கும் என் நண்பரிடம் 26 புரிக் கப்புகள் ஐந்து இருந்தன. என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. திருத்துநரும் நானும் போய்க் கேட்டோம். நண்பர் தரவில்லை. தேநீர் தந்தார், மீன்காரருக்குக் கொடுக்கும்படி பணமும் தந்தார். கப்பைத் தரவில்லை.

“சேர், இது இனி வராத சாமான். மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணி வடியிற சைக்கிளுக்குப் போட்டா ரெண்டு வருசம் நிக்குமா? இந்த அஞ்சும் எனக்கில்ல. பின்னால வாற ஆக்களுக்கு” என்றார்.

திருத்துநர் இறுதியில் எங்கோ உக்கிக் கிடந்த ஒரு சட்டகத்திலிருந்து கப் ஒன்றைக் கழற்றியெடுத்தார். அதற்குள் பத்து நாட்கள் போய்விட்டன. அந்தப் பத்து நாட்களும் அந்த மீன்காரர் தலையில் கூடை சுமந்து நடந்தார்.

நண்பரைக் கல்நெஞ்சர் என்று முடிவு கட்டுவது சுலபம். அவர் அப்படிப்பட்டவரல்லர் என்பதற்கு அவர் கொடுத்த பணமே சாட்சி. அவர் சொன்ன வாதத்தில் கனம் இருக்கிறது. தேவை இன்று உரத்துக் கேட்கிறது. நாளையின் தேவைக்கு வாய் இல்லை. வாயில்லாத நாளைக்காக யாராவது ஒருவர் இன்றைக்கு ‘இல்லை’ என்று சொல்லத்தான் வேண்டும். விதை நெல்லைப் பஞ்சத்திலும் சமைக்காத விவசாயி சொல்வதும் அதுதானே? ஆகவே இந்த வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் ஏற்றுத்தான் பதில் தேட வேண்டும்.

விதை நெல் என்ற உவமையிலேயே பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. விதை நெல் வைக்கப்படுவது விதைப்பதற்கு. அதற்கு ஒரு பருவம் குறிக்கப்பட்டிருக்கிறது. நண்பரின் பெட்டியிலுள்ள ஐந்து கப்புகளுக்கு எந்தப் பருவம்? ஒழுங்காகக் கிறீஸ் இட்டுப் பராமரித்தால் ஒரு கப் பல தசாப்தங்கள் உழைக்கும். அவரிடமுள்ள சைக்கிள்கள் இரண்டு. அவற்றின் கப்புகள் பழுதின்றி இருக்கின்றன. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இது மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு. அந்த ஐந்து கப்புகளும் தேய்வதற்கு அவருக்கு இன்னும் இரண்டு ஆயுள் வேண்டும். நம் ஆயுளுக்கு அப்பால் நீளும் இருப்பை ‘என் தேவை’ என்று சொல்ல முடியாது. அது ஒன்றில் பிறருடைய தேவையாக இருக்க வேண்டும், அல்லது நம்முடைய அச்சமாக இருக்க வேண்டும்.

பிறருக்காகத்தான் என்றால், அந்தப் பிறரில் மீன்காரர் ஏன் அடங்கவில்லை? ‘பின்னால் வருகிறவர்கள்’ என்ற சொல்லுக்கு முகம் கிடையாது. முகமில்லாதவர்கள் மேல் அன்பு வைப்பது சுகமானது. அவர்கள் நம் வாசலில் வந்து நின்று, வியர்த்து, சங்கடப்படுத்துவதில்லை. வராதவர்களுக்காக வந்தவரைத் திருப்பி அனுப்புகையில், நாம் காப்பது வராதவர்களின் உரிமையைத்தானா, நம்முடைய உரிமையைத்தானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்து ‘அசல்’ என்ற சொல். சேகரிப்போர் மத்தியில் இதற்குத் தனி மரியாதை உண்டு. கிரேக்க எழுத்தாளரான புளூட்டார்க், தீசியஸின் கப்பலைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்த கப்பல், முந்திய கப்பல்தானா வேறு கப்பலா என்று மெய்யியலாளர்கள் விவாதித்தார்களாம். நம் ஊரில் இந்த விவாதம் என்றோ முடிந்துவிட்டது. சட்டகத்தைத் தவிர எல்லாமே மாறிப்போன சைக்கிளையும் ‘மூத்தவாப்பாட சைக்கிள்’ என்றுதான் பிள்ளைகள் சொல்கிறார்கள். இடையறாத ஓட்டமே அதன் அடையாளம். அப்படிப் பார்த்தால், எண்ணெய்க் கடதாசியில் சுற்றி ஒருபோதும் பூட்டப்படாமல் பெட்டியிலிருக்கும் கப் எந்தச் சைக்கிளுக்கு அசல்? அது தொழிற்சாலைக்கு மட்டுமே அசல். ஒரு சைக்கிளில் ஏறிச் சுழலத் தொடங்கும்போதுதான் அது உதிரி என்ற நிலையை விட்டுப் பாகம் ஆகிறது.

இவ்விடத்தில் நம் மார்க்க அறிஞர்கள் செய்த ஒரு நுட்பமான ஆய்வு உதவுகிறது. பதுக்கல் என்ற ‘இஹ்திகார்’ எவற்றுக்குப் பொருந்தும் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபினர் அதனை உணவுப் பொருள்களோடு வரையறுத்தனர். இமாம் அபூ யூஸுபும் மாலிகி மத்ஹபினரும், எதனைத் தடுத்து வைப்பது மக்களுக்குத் தீங்காகுமோ அது எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்றனர். என் நண்பர் விலையேற்றத்தை நாடவில்லை. ஆகவே அவர் மீது அந்தச் சட்டத்தைப் பாய்ச்ச நான் முனையவில்லை. அதற்கு எனக்கு அருகதையும் இல்லை. ஆனால் இரண்டாவது கருத்தில் உள்ள பார்வை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது பொருளின் பெயரைப் பார்க்கவில்லை. அது இல்லாமையால் ஒரு மனிதனுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தது. சாதாரண நாளில் விளையாட்டுச் சாமான் போன்ற ஒரு கப், பெற்றோல் இல்லாத நாளில் ஒரு குடும்பத்தின் உலையாகிவிடுகிறது. ஒரே பெட்டி, ஒரே பூட்டு, ஒரே மனிதர். வெளியே காலம் மாறியதும் உள்ளே இருப்பதன் பெயர் மாறிவிடுகிறது. சேர்த்து வைப்பவன் தன் நோக்கத்தை மட்டும் காவல் காத்தால் போதாது. காலத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாப் பாகங்களையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. கிராங்கை அச்சோடு பிணைக்கும் கொட்டர்பின்னை எடுத்துக்கொள்வோம். அது அச்சைவிட மென்மையான இரும்பு. தான் நசுங்கி அச்சைக் காப்பது. அளவு சற்றுப் பருத்ததாயிருந்தாலும் திருத்துநர் அரத்தால் ராவிப் பொருத்திவிடுவார். இதற்கு மாற்று உண்டு. ஆகவே இதை வைத்திருப்பதாலும் பெரிய கேடில்லை, கொடுத்துவிடுவதாலும் பெரிய இழப்பில்லை. 26 புரிக் கப் அப்படியல்ல. மாற்றில்லாத பொருளிடத்தில்தான் வைத்திருப்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையில் உண்மையான வழக்கு உருவாகிறது.

அந்த வழக்கிலும் ஒரு வழி இருக்கிறது. நல்ல கடைசல் பட்டறையில் ஒரு கப்பை மாதிரியாகக் கொடுத்தால் 26 புரி வெட்டித் தர முடியும். பின்னர் அதனைச் சூடேற்றிக் கடினப்படுத்த வேண்டும். வேலை செலவானது; நொட்டிங்ஹாம் கப்பின் நேர்த்தி இல்லாமலும் போகலாம். ஆனாலும் ஓடும். ஐந்து கப்புகளில் நான்கைக் கொடுத்து, ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்ளும் மனிதர் ‘பின்னால் வருகிறவர்களுக்கு’ ஐந்தையும் பூட்டி வைப்பவரைவிட அதிகம் சேமித்தவராகிறார். ஒன்றின் வழியாகப் பத்தைச் செய்யலாம். பூட்டிய ஐந்து என்றைக்கும் ஐந்துதான், காலப்போக்கில் அதனிலும் குறைவுதான்.

குறைவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டிக்குள் காலம் நின்றுவிடுகிறது என்று நாம் நம்புகிறோம். அப்படி நிற்பதில்லை. இறப்பர் டயர்கள் ஓடாமலேயே வெடிப்பு விடுகின்றன. பிரேக் கட்டைகள் கல்லாய் இறுகி, றிம்மைப் பிடிக்காமல் வழுக்குகின்றன. ஹப்பினுள் இருக்கும் பழைய கிறீஸ் பிசினாகிறது. புரூக்ஸ் தோல் இருக்கை காய்ந்தால் வெடிக்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. இரும்பு மட்டும் எண்ணெய் பூசிக் கவனித்தால் நிற்கும். கடற்கரை ஊர்க்காரர்களாகிய நமக்கு அதிலும் நிச்சயமில்லை. காற்றிலேயே உப்பு வருகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது எத்தனை வீடுகளின் எத்தனை பெட்டிகள் போயின! அவற்றில் இருந்தவை கொடுக்கவும் படாமல், பயன்படவும் படாமல் போனவை. ஊரில் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒன்றிரண்டாவது இன்றும் எங்காவது சுழன்றுகொண்டிருக்கும்.

சேகரிப்போரிடையே காணப்படும் இன்னொரு வழக்கமும் எனக்குத் தொல்லை தருகிறது. நன்றாக ஓடக்கூடிய ஒரு முழுச் சைக்கிளை வாங்கி, ஹப்புக்காகவும் விளக்குக்காகவும் அதைப் பிரித்துவிடுவது. துண்டு துண்டாகப் பார்க்கும்போது முழுச் சைக்கிளைவிடப் பெறுமதி கூடுதல் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். தன்னிடமுள்ள ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை அழிக்கும் இந்த அன்பு, தன்னையே முழுதாக அறியாத அன்பு. பழைய சைக்கிள்கள் அருகிவிட்டன என்று வருந்துகிறவர்களே அவற்றை அருகச் செய்பவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். பாகங்கள் கிடைப்பதில்லை என்பதற்குத் தொழிற்சாலை மூடப்பட்டது ஒரு காரணம். ஒவ்வொருவரும் மற்றவர் வாங்குமுன் வாங்கிவிட வேண்டுமென்று ஓடுவது இன்னொரு காரணம். முதற் காரணம் நம் கையில் இல்லை. இரண்டாவது நாமேதான்.

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு நாள் வருகிறது. ஓய்வுபெற்ற ஒருவர், முப்பது வருடங்களுக்கு மேலாகச் சாமான் சேர்த்தவர், சில வருடங்களுக்கு முன்னர் மௌத்தாகிவிட்டார். ஒவ்வொரு சாமானும் எதற்குரியது என்பது அவருடைய தலைக்குள்தான் இருந்தது. எந்த டின்னிலும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பிள்ளைகளுக்கு மூன்று வேக ஹப்பின் சிறு சங்கிலிக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது; அவர்கள் மீது பிழையுமில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து கிலோக் கணக்கில் நிறுத்துக்கொண்டு போனார். முப்பது வருட அன்பு ஒரு பின்னேரத்தில் தராசில் ஏறி இறங்கியது. அந்த முப்பது வருடங்களில் அவரிடம் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய ஒவ்வொருவரும் அந்தத் தராசை விடச் சிறந்த வாரிசுகளாய் இருந்திருப்பார்கள்.

இதிலிருந்துதான் என் முடிவு பிறக்கிறது. சேமிப்பையும் பதுக்கலையும் பிரிப்பது பொருளின் அளவு மட்டுமல்ல. அந்தப் பொருள் இருப்பதைப் பிறர் அறிவார்களா, அவர்கள் வந்து கேட்க முடியுமா, கேட்டால் நியாயம் பார்த்துக் கொடுக்கப்படுமா, நமக்குப் பின் அது எதுவென்று அடையாளம் காணப்படுமா என்பவைதான் பிரிக்கின்றன. திருத்துநரின் தகரப் பெட்டியும் நண்பரின் மரப் பெட்டியும் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றே. முதலாவது ஊருக்குத் தெரிந்த பெட்டி; அதில் ஒன்று போகும், ஒன்று வரும். அது சேமிப்பு. இரண்டாவதை ஒரு தனி மனிதர் மட்டுமே அறிவார். அவருடைய மனம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அந்தப் பெட்டி பதுக்கலின் வேலையைத்தான் செய்கிறது. அமானிதம் என்ற சொல்லின் பொருளும் இதுதான். நம் கையில் இருக்கிறது, ஆனால் நம்மோடு முடிந்துவிடக் கூடாது.

இலக்கியக்காரராகிய நமக்கும் இதில் பாடமுண்டு. பழைய சஞ்சிகைகளின் முதலாம் இதழ்களையும், மூத்தோரின் கையெழுத்துப் பிரதிகளையும், அரபுத்தமிழ் ஏடுகளையும் அலுமாரியில் பூட்டி வைத்து, ‘கொடுத்தால் திரும்பி வராது’ என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யானதல்ல. கொடுத்துத் திரும்பாத புத்தகங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் கறையான் அனுமதி கேட்பதில்லை. ஒரு பிரதி எடுத்து மற்றொருவரிடம் இருந்தால், ஒரு வீடு எரிந்தாலும் ஒரு வீட்டில் வாழும்.

நான் செய்திருப்பது பெரிய காரியமொன்றுமில்லை. என் பெட்டியிலும் டின்களிலும் உள்ளவற்றின் பெயர், அளவு, எந்தச் சைக்கிளுக்கு உரியது என்பனவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். மகள் பிரதி எடுத்துத் தந்தாள். பிரதி திருத்துநரின் கடையில் ஆணியில் தொங்குகிறது. சிலர் வந்து கேட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒருவர் உடைந்த டைனமோ ஒன்றைக் கொண்டுவந்து, “இதிலயும் என்னமாவது கழட்டலாம் சேர், எழுதி வைங்க” என்று தந்துவிட்டுப் போனார். நண்பரும் ஒருநாள் கடைக்கு வந்து அந்தக் கொப்பியை நின்று வாசித்தாராம். வாசித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாராம். அவருடைய ஐந்து கப்புகளும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. நாங்கள் இன்னும் நண்பர்கள்தான். அந்த விவாதம் முடியவில்லை; வாசகர்கள் எவருக்காவது அவர் பக்கத்தில் நான் காணாத நியாயம் தெரிந்தால், எழுதினால் நானும் படித்துக்கொள்வேன்.